கண்ணாடி தூக்கும் பாட்டு

ஆளுயரக் கண்ணாடியைத் தூக்குகிறவனுக்குக் கண் இருந்தும் பெரிய பயனில்லை. கண் கண்ணாடியின் ஓரத்திலேயே இருக்கும். கால் எங்கே போகிறது என்பது காலுக்குத்தான் தெரியும். முன்கை பிடித்துப் போகிறவன் பின்கை பிடித்து வருகிறவனைத் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் கண்ணாடி திரும்பும். அதற்குப் பிறகு விளக்குமாறும் முறமும்தான். அதனால் முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பாமல் தூக்குவதற்குச் செங்கல் இருக்கிறது, சிமெண்டு மூட்டை இருக்கிறது. கண்ணாடி அந்த ஜாதி இல்லை.

அந்தக் கண்ணாடிக் கிடங்கில் பெரிய கண்ணாடிகளைத் தூக்குவது எப்போதும் அதே நாலு பேர்தான். முன்கையில் ரேடியோவும் அவசரமும். பின்கையில் மீசையும் ரேடியோவின் மைத்துனனும். அவசரம் என்கிற பேர் அவன் நடையைப் பார்த்து வைத்தது. தீப்பிடித்தால்கூடச் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் ஓடுவான். மீசைக்கு மீசை இருந்தது; அவ்வளவுதான். ரேடியோவுக்கு அந்தப் பேர் வந்தது பாட்டால். காலையில் எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் நிற்பார். நடுவில் விளம்பரம் கிடையாது.

பாட்டென்றால் பல பாட்டு இல்லை, ஒரே பாட்டு. அப்பன் காலத்துப் படத்தில் வந்த காதல் பாட்டு.

*கதவோரம் காத்திருக்கும் காலடியும் யாருது?*
*கண்ணே நீ திறந்து பாரு, காத்திருப்பது நான்தானே.*

இந்தப் பாட்டு இவர்களுக்காகவே கட்டினது போல இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எட்டு எடுத்து வைப்பார்கள். வாசற்படி வந்ததும் 'யாருது' என்கிற இடத்தில் கண்ணாடியை, கீழே கிடத்தியிருக்கும் மரக்கட்டைமேல் உட்கார வைப்பார்கள். பாட்டில் அந்த இடத்தில் இரண்டு எட்டு வைக்கிற நேரம் ஒன்றும் இருக்காது. மேளமும் இல்லை, குரலும் இல்லை. அந்த வெறும் நேரத்தில் பிடியை மாற்றி மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். 'கண்ணே' என்றதும் நாலு பேரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒருத்தன் முந்தினாலும் ஒருத்தன் பிந்தினாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். மரம் என்றால் முனகிக் காட்டும். கண்ணாடி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

'கண்ணே'வுக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோவின் தொண்டையிலிருந்து 'ஹ்ம்' என்று ஒரு சத்தம் வரும். பாரம் தூக்குகிறவனின் சத்தம். அது வருவது அவருக்கே தெரியாது. கல்யாணம் ஆன புதிதில் பெண்டாட்டிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஏனென்றால் அந்தப் பாட்டுக்கு இரண்டாவது வேலை ஒன்று இருந்தது. அவள் வேலை பார்த்த தையல் கடைக்கு முன்பக்கக் கண்ணாடி மாட்டப் போனபோதுதான் அவர் அவளை முதலில் பார்த்தார். அன்று பாட்டு வழக்கத்தைவிடச் சத்தமாக வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்து வாசலில் நின்று முதல் வரியைப் பாடுவார். இரண்டு எட்டு மௌனத்துக்குள் அவள் தாழ்ப்பாளை எடுத்துவிட வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் 'யாரு?' என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

எழுத்தும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். நாற்பது வயதுக்குமேல், தையல் கடைச் சாக்கட்டியால் பலகையில் எழுதிக் காட்டினாள். முதலில் அவர் பேர். அடுத்தது அவள் பேர். மூன்றாவதாக அவள் தம்பி பேர். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். மற்ற எதையும் அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பஸ் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இந்த மூன்று பேரை மட்டும் முகத்தைப் பார்ப்பது போல ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

மைத்துனனை வேலையில் சேர்த்துவிட்டது அவர்தான். "என் முதுகுக்குப் பின்னால இவன்தான் நிக்கணும்" என்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்கின இடம் அது.

ஒரு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே ஒரு பழைய வீட்டில், கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி போடுகிற வேலை வந்தது. பதினோரு கண்ணாடி. மூன்று நாள். வீட்டில் சாமான் ஒன்றும் இல்லை. பேசினால் பேச்சு திரும்பி வந்து காதில் விழும். காதில் பெரிய கருவி மாட்டின ஆள் ஒருத்தன் மூலையில் உட்கார்ந்து இவர்கள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மைத்துனன் வந்து சொன்னான்:

"மாமா, அந்த ஆளு ரூம்ல எதிரொலி எவ்வளவு இருக்குன்னு பாக்கணுமாம். திரை போடுறதா வேணாமான்னு முடிவு பண்ணணுமாம். நீங்க ஒரு தடவை நின்னு பாடுங்க."

"எதிரொலி பாக்க நான்தான் கெடச்சேனா? கை தட்டிப் பாக்கச் சொல்லு."

"கை தட்டினா தெரியாதாம் மாமா. ஆள் குரல் வேணுமாம்."

"சும்மா நின்னுக்கிட்டுப் பாடினா எனக்கு வராதுடா."

"அப்ப ஒரு கண்ணாடியத் தூக்கிக்கிட்டே பாடுங்க."

அப்படியே பாடினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைசித் தடவை அவருக்கே சந்தோஷமாக இருந்தது. காலி வீட்டில் தன் குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்ததைக் கேட்டு, "பரவாயில்லையே, நமக்கும் சாரீரம் இருக்கு" என்றார். மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். வெட்கப்படுகிறான் என்று அப்போது அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஒரு பேய்ப் படம் வந்து சக்கைப்போடு போட்டது. அவசரம் அதற்குள் இரண்டு தடவை பார்த்துவிட்டு, விடுமுறை நாளன்று மூன்று பேரையும் மதியக் காட்சிக்கு இழுத்தான். மைத்துனன் மட்டும் நழுவப் பார்த்தான்.

"எனக்குப் பேய்ப் படமெல்லாம் ஒத்துக்காதுப்பா."

"தினமும் கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நடக்குறே. அதுக்கே பயப்படல, இதுக்கா பயப்படப்போறே? வாடா!" என்றான் அவசரம்.

"வா மாப்ள, பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்க" என்று ரேடியோவும் சொன்னார். அந்தச் சொல் பிறகு அவரைப் பல நாள் அரித்தது.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு கூடம் வந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி.

"ரேடியோண்ணே! நம்ம கண்ணாடி! அந்த மூணாவது நான் புடிச்சது! நீங்களே நேர்ல பாக்கட்டும்னுதான் சொல்லாம வச்சிருந்தேன்!" என்று அவசரம் கத்தினான். பின்வரிசையில் ஒருவர், "கண்ணாடிக்காரரே, உக்காருங்க" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். மைத்துனனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

பிறகு விளக்குகள் அணைந்து, அந்த வீட்டில் தனியாக இருக்கிற பெண் இருட்டில் நின்றாள். எங்கிருந்தோ ஒரு பாட்டு வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இழுத்து இழுத்து வந்தது. 'கதவோரம்...' ரேடியோவுக்கு முதலில் சந்தோஷம்தான். இந்தப் பாட்டை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். 'காத்திருக்கும்... காலடியும்... யாருது?' காதல் பாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால் இனிக்கும். இருட்டில் ஒரு கிழட்டுக் குரல் மெதுவாகக் கேட்டால் அது வேறு கேள்வி. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டு எட்டு மௌனம்.

அந்த மௌனத்தின் கடைசியில், தியேட்டரின் நாலு பக்கத்திலிருந்தும், 'ஹ்ம்' என்று ஒரு சத்தம் வந்தது.

உடனே கண்ணாடிச் சுவரில் உள்ளேயிருந்து இரண்டு கை படாரென்று அறைந்தன. எல்லாரும் அலறினார்கள். அவசரம் மூன்றாவது தடவையாகப் பார்த்தும் ரேடியோவின் மடியில் வந்து விழுந்தான். மீசை ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். ரேடியோ மட்டும் அசையவில்லை. பேயறைந்தவன் என்று சொல்வார்களே, அதற்கு அர்த்தம் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சத்தம் அவருடைய சத்தம். பத்தொன்பது வருஷமாகப் பெண்டாட்டி கேலி செய்கிற சத்தம். குரலை எவ்வளவு இழுத்துக் கிழடாக்கினாலும், மூச்சு மாறவில்லை.

படம் முடியும்வரை அந்தப் பாட்டு ஆறு தடவை வந்தது. ஆறு தடவையும் ஒரு ஆள் செத்தான்.

கடைசியில் எழுத்துப் போட ஆரம்பித்தார்கள். சனங்கள் எழுந்தார்கள். ரேடியோ எழுத்தைக் கண்டால் விடமாட்டார், அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மருந்துச் சீட்டு, சுவரொட்டி, லாரியின் பின்பக்கம் எதுவாக இருந்தாலும் நின்று கூட்டிப் பார்ப்பார்.

"எந்திரிங்க மாமா. கூட்டம் வெளிய வந்தா பஸ்ஸுல எடம் கெடைக்காது" என்று மைத்துனன் அவர் தோளைத் தொட்டான்.

"இரு மாப்ள."

"உங்களுக்கு வேகமாப் படிக்க வராது மாமா. வாங்க, நாங்க படிச்சுச் சொல்றோம்."

உண்மைதான். எழுத்து வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வரியின் முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் வரி மேலே போய்விட்டது. 'பா' என்று பிடித்தார், போய்விட்டது. இன்னொரு வரியில் 'பாட்டு' என்று மட்டும் நின்றது. 'குரல்' என்பது எட்டவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்ததைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. சாக்கட்டியால் பலகையில் எழுதின மூன்றாவது பேர். ஒரே பார்வை. தெரிந்த முகம் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது போல மேலே போனது.

"என்ன மாமா, ஏதாவது படிச்சீங்களா?"

"எங்கடா. வேகமாப் போவுது" என்றார் ரேடியோ.

வழி நெடுக அவசரம்தான் பேசிக்கொண்டு வந்தான். ரேடியோ பஸ்ஸின் முன்கம்பியைப் பிடித்திருந்தார். மைத்துனன் வழக்கம் போல அவருக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு பிடரியில் பட்டது. பதினொரு வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிற மூச்சுதான். அன்றைக்கு அவர் ஓர் அடி தள்ளி நின்றார்.

இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். வாயைத் திறந்தார். 'கதவோரம்' என்கிற சொல் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

"நான்தான்."

தாழ்ப்பாள் உடனே விலகவில்லை. திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் போய், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதைப் பார்த்ததும் ரேடியோவுக்கு இரண்டாவது அடி விழுந்தது.

"உனக்குத் தெரியுமா?"

அவள் சட்டையின் கையை நீவிவிட்டாள்.

"துணியக் கீழ வை. உனக்குத் தெரியுமா?"

"படம் வர்றதுக்கு முன்னாடியே வந்து சொன்னான்" என்றாள். "பழைய ரெக்கார்டுல இருக்குற குரல் ரொம்பச் சுத்தமா இருக்காம். அவங்களுக்கு மூச்சு வாங்குற குரல் வேணுமாம். உங்ககிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டீங்கன்னு..."

"கேட்டானா? கேட்டுட்டுத்தான் ஒத்துக்க மாட்டேன்னு முடிவு பண்ணினானா?"

"சின்ன வயசுலேருந்து எல்லாத்துலயும் பின்னாடியே நின்னவன்தாங்க அவன். எங்கயாவது ஒரு எடத்துல அவன் பேரு எழுத்துல வரட்டும்னு நெனச்சுட்டேன். பேருதானேன்னு நெனச்சேன்."

"பேரு அவனுதா இருக்கட்டும். அது நம்ம வாசல் பாட்டு. அதுல ஆறு பேரச் சாகடிச்சிருக்கானுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேயாப் பண்ணுவாங்கன்னு அவன் சொல்லல. சத்தியமா எனக்குத் தெரியாது. 'அக்கா, மாமா எங்க எழுத்துப் போடுறதெல்லாம் படிக்கப் போறாரு'ன்னு சிரிச்சான். 'படிப்பாருடா, நான் சொல்லிக் கொடுத்திருக்கேன்'னு சொன்னேன்."

ரேடியோ வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்ப, நான் படிக்கட்டும்னு விட்டியா? படிக்க மாட்டேன்னு விட்டியா?"

அவள் சட்டையை மூன்றாவது தடவை மடித்தாள். கூட இருந்தே குழி பறிக்கிறவனைக்கூடத் திட்டித் தீர்க்கலாம். குழி இருக்கிறது என்று தெரிந்தும் பேசாமல் சோறு போட்டவளை என்ன சொல்லித் திட்டுவது? அன்று இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடி நிறுத்தினது போல இருந்தது.

மறுநாள் ஒரு மரச்சாமான் கடைக்கு முன்பக்கக் கண்ணாடி. லாரியில் இரண்டு கண்ணாடி. ஒன்று மாட்டுவதற்கு, இன்னொன்று பக்கத்துத் தெருக் கடைக்கு. கடைக்கு மூன்று படி. மேஸ்திரி படிக்குக் கீழே மரக்கட்டைகளைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

ரேடியோ ஒருவரிடமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வேலை வேறு, வீடு வேறு என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிக்கொண்டு முன்கையைப் பிடித்தார். பாட்டை எடுத்தார். குரல் நன்றாகத்தான் வந்தது. கால்கள் பழகின கழுதைகள் போல வரிசையாக நடந்தன. 'காலடியும் யாருது?' கண்ணாடி கட்டைமேல் உட்கார்ந்தது.

இரண்டு எட்டு மௌனம்.

அந்த மௌனத்தில் பிடியை மாற்ற வேண்டும், மூச்சை இழுக்க வேண்டும். அவருடைய உடம்போ படார் என்கிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவசரத்தின் கண் வெள்ளையாக விரிந்திருந்தது. அவனும் அதற்குத்தான் காத்திருந்தான். 'கண்ணே' என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது, போயும் விட்டது. சொல் வரவில்லை. 'ஹ்ம்' மட்டும் வந்தது.

"ஐயோ!" என்று அவசரம் தன் பக்கத்தை வெடுக்கென்று தூக்கிவிட்டான்.

பெரிய சத்தம்கூட இல்லை. கீழ் மூலையில் டிக் என்று ஒன்று கேட்டது. அங்கிருந்து ஒரு கோடு, யாரோ நிதானமாகப் பேனாவால் இழுப்பது போல, மேல்வரை ஓடியது.

"புடி! புடி! கீழ வை! மெதுவா!" மேஸ்திரி ஓடி வந்தார். "என்னய்யா ஆச்சு? இத்தனை வருஷத்துல ஒரு மூலை ஒடைஞ்சதுண்டா? ரேடியோ, பாட்டு எங்கய்யா போச்சு?"

"அண்ணன் மேல தப்பில்ல மேஸ்திரி. அந்தப் படம் பாத்ததுலேருந்து அந்த எடம் வந்தா எனக்குக் குலை நடுங்குது" என்றான் அவசரம். கையை அக்குளில் வைத்துக்கொண்டான்.

"இனிமே பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அடுத்ததை எறக்குங்க."

விரிசல் விட்ட கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு லாரிக்குப் போனார்கள். மைத்துனன் அவர் பக்கத்தில் வந்தான். அக்காவிடமிருந்து சேதி போயிருக்க வேண்டும். அவன் முகமே சொன்னது.

"மாமா, நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? ஏழாவது ஆளு சாகும்போதா?"

"அவங்ககிட்ட பேசி உங்க பேரப் போடச் சொல்றேன் மாமா. மாத்திடலாம்."

"என் பேரு போட்டா அந்த ரெண்டு எட்டுல இருக்குற சத்தம் போயிடுமா மாப்ள?"

ரேடியோ கையுறையைக் கழற்றி, உதறி, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு முன்பக்கம் போகாமல் லாரியின் பின்பக்கமாக நடந்து, பின்கையில் மைத்துனன் நிற்கிற இடத்தில் போய் நின்றார்.

"நீ முன்னால போ."

"மாமா..."

"முன்னால போய்ப் புடி. இனிமே என் பின்னால நீ நிக்க வேணாம்."

மீசை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரம் வாயைத் திறந்து, புத்தி வந்து மூடிக்கொண்டான். மைத்துனன் முன்னால் போய்ப் பிடித்தான். கண்ணாடி எழுந்து கட்டைமேல் உட்கார்ந்தது.

"பாடு" என்றார் ரேடியோ.

"எனக்குப் பாட வராது மாமா."

"எழுத்துல அப்படித்தான் போட்டிருக்கு. பாட்டுன்னு போட்டு, பக்கத்துல உன் பேரு. நான் படிச்சேன். பாடு."

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று பார்த்தார். பின்கையிலிருந்து பார்த்தபோது ரேடியோவுக்கு முதல் தடவையாக முன்னால் நிற்பவனின் முதுகு தெரிந்தது. பிடரி வேர்த்திருந்தது. சட்டைக் காலருக்கு மேலே, சின்ன வயதில் அக்கா இடுப்பிலிருந்து விழுந்து வாங்கின தழும்பு. இத்தனை வருஷமாக இவன் தன் முதுகை இப்படித்தானே பார்த்துக்கொண்டு வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். இரக்கம் வரும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார். வரவில்லை.

மைத்துனன் 'கத' என்று ஆரம்பித்தான். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமினான். தலை குனிந்தது.

"ஒண்ணு," என்றான் கடைசியில். "ரெண்டு..."

மூன்றுக்கு முன்னால் கேட்காமலே ரேடியோவின் தொண்டையிலிருந்து 'ஹ்ம்' வந்தது. முன்னால் இருந்த பிடரி சிலிர்த்துக்கொண்டது.

"மூணு."

நாலு பேரும் தூக்கினார்கள். கண்ணாடி ஏறியது. முதல் படியில் ஒரு எண், இரண்டாவது படியில் ஒரு எண் என்று அவன் எண்ணிக்கொண்டே போனான். ரேடியோ அவன் முதுகைப் பார்க்கவில்லை. கண்ணை ஓரத்தில் வைத்துக்கொண்டு, சொன்ன எண்ணுக்குக் காலை வைத்து நடந்தார்.